ஏட்டில் கிடைத்த வேலை!

"ஏம்மா, வேலைக்குப் போனாயா?"

"போனேன் சார். இரண்டே மாதம். அப்புறம் நின்று விட்டேன்."

"நின்றதை நான் கேட்கவில்லை. போனாயா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"போனேன் சார்."

"சரி, வைத்து விடு."

போனை வைத்தவர் காகிதத்தில் ஒரு 'டிக்' போட்டார். "வேலை கிடைத்தது" என்ற பத்தியில் ஒரு பெயர் ஏறிவிட்டது!

இந்தப் பேச்சு கற்பனை. ஆனால் இப்படிப் பேசுவதற்கு வழி வைத்திருக்கிற ஏற்பாடு கற்பனை அல்ல.

அந்தப் பெண் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள் என்று வைத்துக் கொள்வோம். அரசாங்கப் பணத்தில் மூன்று மாதம் தையல் பயிற்சி பெற்றாள். ஓவர்லாக் மிஷின் ஓட்டக் கற்றுக் கொண்டாள். சான்றிதழ் கொடுத்தார்கள். பஸ் ஏற்றித் திருப்பூருக்கு அனுப்பினார்கள். பனியன் கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது மிஷின் அல்ல, கத்தரி! தைத்து வந்த பனியனில் பிசிறு வெட்டும் வேலை. சொன்ன சம்பளம் ஒன்று. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்துக் கொண்டது போகக் கைக்கு வந்த சம்பளம் வேறு. இரண்டு மாதம் பார்த்தாள். ஊருக்குத் திரும்பி விட்டாள். இப்போது பூப்பறிக்கப் போகிறாள். பயிற்சிக்கு முன்பும் அவள் பூத்தான் பறித்துக் கொண்டிருந்தாள்.

ஆனால் ஏட்டைப் புரட்டினால், அவள் வேலை பெற்றவள்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் கிடைத்த வேலையும் அப்படித்தான். அடுப்பு எரிய உதவாது.

கேள்வி ஒன்றுதான்

இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க அரசாங்கம் செலவு செய்வது நல்ல காரியம். அதில் இரண்டு கருத்து இல்லை. 2014-ம் ஆண்டு செப்டம்பரில் கிராமத்து ஏழை இளைஞர்களுக்காக தீனதயாள் உபாத்யாயா கிராமீண கவுசல்ய யோஜனா அறிவிக்கப்பட்டது. 2015-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிரதம மந்திரி கவுசல் விகாஸ் யோஜனா தொடங்கப்பட்டது. தையல், மின்சார வேலை, கடை விற்பனை, ஆஸ்பத்திரி உதவியாளர் என்று பல தொழில்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி. கட்டணம் கிடையாது. பயிற்சி நிலையங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும்.

இத்தனையும் எதற்காக? சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கா? இல்லை. வேலைக்காக! அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பயிற்சி பெற்றவருக்கு வேலை கிடைத்ததா? கிடைத்த வேலை நிலைத்ததா?

கேள்வி சின்னது. விடை கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

வேலிக்கு ஓணான் சாட்சி

பிரதம மந்திரி திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், அதாவது 2016-ல் தொடங்கி 2020 வரை, நிலையங்களுக்குப் பணம் மூன்று தவணையாகக் கொடுக்கப்பட்டது. வகுப்பு ஆரம்பித்ததும் 30 சதவீதம். மாணவர் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றதும் 50 சதவீதம். வேலை கிடைத்ததைக் காட்டினால் கடைசி 20 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குக் கூட வேலை கிடைக்காவிட்டாலும், ரூபாய்க்கு எண்பது காசு நிலையத்துக்கு வந்துவிடும். மிச்சம் இருப்பது இருபது காசு. அதை வாங்க வேலை கிடைத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரத்தைத் திரட்டித் தாக்கல் செய்ய வேண்டியது யார்? அதே நிலையம்தான்!

பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் எத்தனை பேர் தோற்பார்கள்? இதைத்தான் "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லா நிலையங்களும் பொய்க் கணக்கு எழுதின என்று யாரும் சொல்ல முடியாது. நேர்மையாக நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் நேர்மையானவர் எவர், ஏமாற்றுகிறவர் எவர் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி கணக்கு இருந்தால், நஷ்டம் நேர்மையானவருக்குத்தான்.

இந்தக் கணக்கு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிப்படுத்தியது. 2015 முதல் 2022 வரை இந்தத் திட்டம் நடந்த விதத்தைத் தணிக்கை செய்த அந்த அறிக்கை 2025-ம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

தணிக்கையாளர்கள் 95 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். பாங்கிக் கணக்கு எண் எழுத வேண்டிய இடத்தில், 90 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வெறும் பூஜ்யம் இருந்தது. அல்லது ஒன்றுமே இல்லை! எண் இருந்த மற்ற பதிவுகளிலும் ஒரே கணக்கு எண் பல பேருக்கு எழுதப்பட்டிருந்தது. எண்ணுக்குப் பதில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாகப் போட்டிருந்த இடங்களும் உண்டு.

பயிற்சி பெற்றவர்களை ஈமெயில் மூலம் விசாரித்தார்கள். பல கடிதங்கள் போய்ச் சேரவே இல்லை. பதில் அனுப்பியவர்கள் 171 பேர். அவற்றில் 131 பதில்கள் ஒரே விலாசத்திலிருந்தோ, பயிற்சி நிலையங்களின் விலாசத்திலிருந்தோ வந்திருந்தன! மாணவரைக் கேட்டால் நிலையம் பதில் சொல்லியிருக்கிறது.

பாங்கி எண் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று சொல்லி விட முடியாது. பாங்கி எண் கட்டாயம் என்ற விதி பிற்பாடு தளர்த்தப்பட்டதாகவும், ஆதாருடன் இணைந்த கணக்கில் பணம் செலுத்தப்பட்டதாகவும் இலாகா சமாதானம் கூறியது. அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று தேடிப் போகிறவனுக்குக் கையில் ஒரு நூலாவது வேண்டும் அல்லவா? அந்த நூல் அறுந்து கிடந்தது என்பதுதான் விஷயம்.

வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர்? குறுகிய காலப் பயிற்சியிலும் விசேஷத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் 41 சதவீதம் என்கிறது அந்த அறிக்கை. நூற்றுக்கு நாற்பத்தொன்று. அதுவும் ஏட்டுக் கணக்கு!

கணக்கே வேண்டாமாம்!

இதற்குப் பரிகாரம் என்ன? கணக்கைத் திருத்துவது; சாட்சியை மாற்றுவது. ஆனால் நடந்தது வேறு. முதல் மூன்று கட்டங்களில் குறுகிய காலப் பயிற்சிக்கு வேலைக் கணக்கு பார்க்கப்பட்டு வந்தது. 2022-ல் தொடங்கிய நான்காம் கட்டத்தில் அந்தக் கணக்கே பயிற்சியிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டு விட்டது. பயிற்சி பெற்றவர் தமக்கு விருப்பமான வழியைத் தாமே தேர்ந்து கொள்ளட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

விருப்பமான வழியில் போகட்டும். யார் வேண்டாம் என்றது? சொந்தமாகக் கடை வைக்கலாம். மேலே படிக்கலாம். ஆனால் எந்த வழியில் போனார்கள், போன இடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம் ஆகுமா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த தகப்பன், "பாஸா, பெயிலா என்று கேட்க மாட்டேன், அது அவன் சுதந்திரம்" என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது. பொய்க் கணக்கு எழுதினார்கள் என்றால் பொய்யைத்தான் ஒழிக்க வேண்டும், கணக்கை அல்ல.

அமெரிக்கா பட்ட பாடு

இந்தத் தொல்லை இங்கே மட்டும் இல்லை. பணக்கார நாடான அமெரிக்காவும் இதில் அகப்பட்டு விழித்தது.

1982-ம் ஆண்டு அங்கே ஒரு தொழிற் பயிற்சிச் சட்டம் வந்தது. பயிற்சி முடித்து வெளியேறுகிறவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது என்பதைப் பார்த்து அந்தந்த வட்டாரத்தின் தகுதி நிர்ணயிக்கப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள்! வேலை கிடைக்காதவரை, "இன்னும் பயிற்சியில் இருக்கிறார்" என்று பட்டியலிலேயே நிறுத்தி வைத்தார்கள். வெளியேறினால்தானே கணக்கில் வருவார்? வேறு சிலர், வேலை நிச்சயம் ஆன பிறகே ஆளைச் சேர்த்ததாக எழுதினார்கள். சேர்ந்தார், வேலை கிடைத்தது, கணக்கு நூற்றுக்கு நூறு!

இன்னொரு தந்திரமும் உண்டு. எப்படியும் வேலை கிடைத்துவிடும் என்று தோன்றுகிற கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது. படிப்பு குறைந்தவர், வெகுநாள் வேலை இல்லாதவர், கைக்குழந்தைக்காரி ஆகியோருக்குக் கதவு அடைப்பு. பாலின் ஏட்டை வழித்துக் கொண்டு, தண்ணீர்ப்பாலை ஏழைக்கு ஊற்றுகிற மாதிரி.

அந்தத் திட்டத்தின் உண்மைப் பலனை அறிய 16 வட்டாரங்களில் ஒரு பெரும் ஆராய்ச்சி நடந்தது. விண்ணப்பித்த சுமார் 20 ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குப் பயிற்சி. மறு சாராருக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. பிறகு இரு சாராரின் சம்பளத்தையும் ஒப்பிட்டார்கள். வயது வந்த ஆண் பெண்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் இல்லாத இளைஞர்களுக்கு? சம்பளத்தில் சொல்லத்தக்க உயர்வு ஒன்றும் இல்லை!

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் மற்றவர்களும் இதை மேலும் ஆராய்ந்தார்கள். வெளியேறிய உடனே எடுக்கிற வேலைக் கணக்கு, பிற்காலத்தில் கிடைக்கும் உண்மையான பலனைச் சரியாகக் காட்டுவதில்லை என்று கண்டார்கள். முதல் நாள் மாலையை வைத்துக் குடித்தனத்தை எடை போட முடியுமா?

சம்பளப் பட்டியல்தான் சாட்சி

அடிபட்டுப் பாடம் படித்த அமெரிக்கா சாட்சியை மாற்றியது. அங்கே முதலாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்த சம்பளத்தை மாகாண அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையில்லாக் கால இன்ஷூரன்சுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. 1998-ம் ஆண்டு சட்டம், பயிற்சியின் பலனை அளக்க அந்தப் பட்டியலையே பயன்படுத்தச் சொன்னது.

2014-ம் ஆண்டு வந்த புதிய சட்டம் இன்னும் திட்டமானது. வெளியேறிய பிறகு வருகிற இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா? நான்காவது காலாண்டிலும் இருக்கிறாரா? இடையில் உள்ள சம்பளம் எவ்வளவு? வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாலும் மாகாணங்கள் பட்டியலைப் பரிமாறிக் கொண்டு கண்டுபிடிக்கின்றன.

இதில் உள்ள நயத்தைப் பாருங்கள். அந்தப் பட்டியலை எழுதுகிறவர் முதலாளி. பயிற்சி நிலையத்துக்கு வருகிற பணத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் அவர் கையிலிருந்து வரி போகும். காசு கொடுத்துப் பொய்ச் சாட்சி சொல்ல எவன் வருவான்?

இதிலும் ஓட்டை உண்டு. சொந்தத் தொழில் செய்கிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆனாலும் நிலையத்தின் சொல்லை விட அது எத்தனையோ மடங்கு மேல்.

இங்கே முடியாதா?

முடியும். பாதி வழி ஏற்கனவே போட்டாகிவிட்டது.

இந்தியாவில் பிராவிடண்ட் பண்டு இருக்கிறது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற ஸ்தாபனங்கள் மாதந்தோறும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும் சம்பளத்தையும் குறித்துப் பணம் கட்டுகின்றன. 2014-ம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சந்தாதாரருக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ. பட்டியலும் இருக்கிறது. பயிற்சியில் சேரும்போதே மாணவரின் சம்மதத்தை எழுதி வாங்கிக் கொண்டு, ஆறு மாதம் கழித்தும் ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நிலையத்தைக் கேட்கவே வேண்டாம்.

"சின்னப் பட்டறையில் வேலை செய்கிறவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருப்பூரிலேயே நாலைந்து மிஷினோடு நடக்கிற ஜாப் ஒர்க் வீடுகள் எத்தனை! வீட்டில் இருந்தபடி ரவிக்கை தைத்துப் பிழைக்கிற பெண்கள் எத்தனை! இவர்களுக்குப் பட்டியல் உதவாது. நேரில்தான் போய்ப் பார்க்க வேண்டும். எல்லோரையும் பார்க்க வேண்டியதில்லை. நூற்றுக்கு ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, நிலையத்தோடு சம்பந்தம் இல்லாத ஆளை அனுப்பி விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

செலவாகும் என்பது இன்னொரு ஆட்சேபம். ஆகட்டும். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு மிச்சப் பணம் எங்கே போயிற்று என்று தெரிந்து கொள்வது வீண் செலவா? தெரியாமல் கொட்டுவதுதான் வீண் செலவு.

கிராமத்து இளைஞர் திட்டத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். மூன்று மாதமாவது வேலையில் இருந்ததற்குச் சம்பளச் சீட்டு, பாங்கிக் கணக்கு முதலிய ஆதாரம் வேண்டும் என்று அதில் விதி வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் மூன்று மாதம் என்பது வீட்டு ஏக்கம் கூடத் தீராத காலம்.

எதை எண்ணுவது?

சாட்சியை மாற்றினால் மட்டும் போதாது. எண்ணுகிற முறையும் சரியாக இருக்க வேண்டும்.

ஒரு நிலையத்தில் 100 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். 80 பேர் கடைசி வரை வந்தார்கள். 60 பேர் சான்றிதழ் பெற்றார்கள். 42 பேருக்கு வேலை கிடைத்தது. நிலையம் என்ன சொல்லும்? "எங்களிடம் 70 சதவீதம் பேருக்கு வேலை!" சான்றிதழ் பெற்ற 60 பேரில் 42 பேர் அல்லவா? கணக்கு சரிதான். ஆனால் சேர்ந்தவர்களில் பார்த்தால் 42 சதவீதம். ஆறு மாதம் கழித்து அவர்களில் 20 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்றால், உண்மைக் கணக்கு 20 சதவீதம். எழுபதும் உண்மை, இருபதும் உண்மை. எந்த உண்மையை விளம்பரப் பலகையில் எழுதுவது என்பதில்தான் சூது இருக்கிறது.

ஆகவே, சேர்ந்த எல்லோரையும் எண்ண வேண்டும். ஒரு வருஷம் வரை எண்ண வேண்டும். சம்பளத்தைக் கேட்க வேண்டும். முன்பு சம்பாதித்ததை விட அது அதிகமா என்று பார்க்க வேண்டும். படித்த தொழிலில்தான் வேலையா என்று கேட்க வேண்டும். ஓவர்லாக் படித்தவளைப் பிசிறு வெட்ட உட்கார வைத்தால், அந்த மூன்று மாதப் பயிற்சி எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை விட்டவர் ஏன் விட்டார் என்று கேட்க வேண்டும். சம்பளம் போதவில்லையா? தங்கும் இடத்தில் பாதுகாப்பு இல்லையா? கல்யாணமா? உடம்புக்கு ஆகவில்லையா? அந்தப் பதிலில்தான் அடுத்த வருஷப் பயிற்சிக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

கஷ்டப்பட்டவர்களைச் சேர்க்கிற நிலையத்துக்குத் தண்டனை கிடைத்து விடாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவரைச் சேர்த்துப் பாதிப் பேரை வேலையில் நிறுத்துகிற நிலையம், பட்டதாரிகளைச் சேர்த்து முக்கால்வாசிப் பேரை நிறுத்துகிற நிலையத்தை விட மட்டம் அல்ல. சேருகிறவரின் நிலையைப் பொறுத்து இலக்கைக் கூட்டிக் குறைக்கிற முறை அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. இங்கும் அது வர வேண்டும்.

கதவில் எழுதி ஒட்டுங்கள்!

கண்டுபிடித்த கணக்கு டில்லியில் பீரோவுக்குள் தூங்கினால் பயன் இல்லை. நிலையம் நிலையமாக, தொழில் தொழிலாக அது வெளியே வர வேண்டும். "சென்ற வருஷம் இங்கே சேர்ந்தவர்கள் இத்தனை பேர், ஒரு வருஷம் கழித்து வேலையில் இருப்பவர்கள் இத்தனை பேர், அவர்கள் வாங்கும் சம்பளம் இவ்வளவு" என்று நிலையத்தின் கதவிலேயே எழுதி ஒட்ட வேண்டும். மகளைச் சேர்க்க வருகிற தாய் அதைப் படித்துவிட்டு உள்ளே போகலாம். அல்லது அடுத்த நிலையத்துக்கு நடக்கலாம். எந்த அதிகாரியின் சோதனையும் அதற்கு ஈடாகாது.

அரசாங்கம் கொடுக்கிற பணம் திரும்பி வரக்கூடும். அடுத்த பட்ஜெட்டில் வேறு திட்டம் பிறக்கும். ஆனால் இருபது வயதுப் பெண் கொடுத்த மூன்று மாதம் திரும்பி வராது. கூலியை விட்டுவிட்டு வந்தாள். "படித்தால் வேலை" என்ற பேச்சை நம்பி வந்தாள். அவள் கொடுத்ததும் ஒரு முதலீடுதான். அதற்குக் கணக்குக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை. அதனால்தான் அரசாங்கம் கேட்க வேண்டும்.

தர்மபுரிப் பெண்ணுக்கு இன்னொரு முறை போன் வரட்டும். பயிற்சி நிலையத்திலிருந்து அல்ல. கணக்குக் கேட்க உரிமை உள்ள வேறு இடத்திலிருந்து.

"ஏம்மா, இப்போது என்ன வேலை செய்கிறாய்? என்ன சம்பளம்? அந்த வேலையை ஏன் விட்டாய்?"

அவள் சொல்லப் போகிற பதில் நிலையத்துக்குக் கசக்கலாம், இலாகாவுக்கும் கசக்கலாம். கசந்தால் என்ன? அதை அப்படியே ஏட்டில் எழுதட்டும். அன்றைக்குத்தான் ஏடு பேசும்!